பழைய ஸ்டீல் ரேசிங் சைக்கிள்: உங்கள் கைக்கு வந்தது எது, எங்கே பிழை நடந்தது? (பதில்கள், எழுதியவரின் ஊர்ப் பெயரில்)

கிருலப்பனை

முழுக்கப் பச்சை. வீட்டுக் கேட்டுக்கு அடிச்ச மிச்சப் பெயின்டைப் பிரஷ்ஷால இழுத்து விட்டிருக்கு. ஸ்டிக்கர் இல்லை, முன் பட்ஜ் இல்லை, இரண்டு ஆணித் துளை மட்டும். விற்றவர் "ராலி" என்றார். அதற்கு ஆதாரம் பின் மட்கார்ட் ஒன்றுதான், மட்கார்ட் எந்த வண்டியிலிருந்தும் வந்திருக்கலாம்.

சீட் போஸ்டை இழுத்து வேர்னியரில் பிடிச்சேன். 27.2 மில்லிமீற்றர். சீட் குழாயின் வெளி விட்டம் 28.6. அப்படியென்றால் வாயோரத்தில் குழாயின் தடிப்பு 0.7 தான். சாதாரண இரும்புக் குழாயாக இருந்தால் போஸ்ட் 25.4 அளவில் வரும், தடிப்பு 1.6. தரமான பிரேம் என்று அந்த இலக்கமே சொல்லிவிட்டது. ரெனால்ட்ஸ் 531 என்ற பெயர்பெற்ற ஆங்கிலக் குழாயாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தச் சந்தோஷத்தில் பிபி (கிராங்க் சுழலுகிற அக்சில், குண்டு, கப் எல்லாம் சேர்ந்த பகுதி) கழற்றத் தொடங்கினதுதான் பிழை. இடது கப் சுகமாக வந்தது. வலது கப்பையும் அதே மாதிரி இடஞ்சுழியாகத் திருப்பினேன். அசையவில்லை, பைப் போட்டு இழுத்தேன். ஸ்பானர் வழுக்கி, கப்பின் இரண்டு தட்டைப் பக்கமும் உருண்டு போச்சு. ஆங்கிலப் புரியில் வலது கப் தலைகீழ்ப் புரி, வலஞ்சுழியாகத்தான் கழரும் என்பது பிறகுதான் உறைச்சது. கப் இன்னும் உள்ளேதான் இருக்கு.

கொட்டாஞ்சேனை

27.2 என்றால் 531 என்று முடிவு கட்டாதீங்க. கொலம்பஸ் குழாயில் கட்டின இத்தாலிப் பிரேமும் பெரும்பாலும் 27.2 தான், ஜப்பானின் நல்ல பிரேம்களும் அப்படித்தான். அது "மெல்லிய குழாய்" என்று சொல்லும், யாருடைய குழாய் என்று சொல்லாது.

பிபி ஷெல்லை, அதாவது கப் இரண்டும் பூட்டுகிற பிரேம் குழாயை, அளந்தீங்களா? அகலம் 68 என்றால் ஆங்கிலம், ஜப்பான், பிரான்ஸ் எதுவும் ஆகலாம். 70 என்றால் இத்தாலி, விட்டம் 36 மில்லிமீற்றர், இரண்டு கப்பும் நேர்ப் புரி. பிரெஞ்சுப் பிரேமிலும் இரண்டும் நேர்ப் புரிதான், 35 மில்லிமீற்றர். பிரேம் எந்த நாடு என்று தெரியாமல் "வலது கப் தலைகீழ்" என்று எல்லாருக்கும் சொல்வதும் ஆபத்து. இடது கப்பைக் கையில் வைத்து விட்டத்தையும் புரியையும் அளந்துவிட்டுத்தான் வலதைத் தொட வேண்டும்.

ராலியில் இன்னொரு கண்ணி இருக்கு. நொட்டிங்ஹாம் தொழிற்சாலையின் சாதாரண வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 26 புரி. மற்ற ஆங்கிலப் பிரேம்களுக்கு 24. இரண்டுக்கும் விட்டம் ஒன்றுதான், கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. டாம் வீதியில் வாங்கின புதுக் கப் ஒன்றை அப்படியொரு ராலியில் ஏற்றினார்கள். இரண்டு சுற்றுக் கையாலேயே போச்சு, பிறகு இறுகிச்சு. "துரு, பரவாயில்லை" என்று ஸ்பானர் போட்டார்கள். மூன்றாவது சுற்றில் ஷெல் விளிம்பில் வெள்ளிச் சுருள் மாதிரி இரும்புச் சீவல் வெளியே வந்தது. அது துரு இல்லை, பிரேமின் புரி. கையால் நாலு சுற்றுப் போகாத கப்பை நிறுத்திவிட வேண்டும்.

அந்த வண்டிக்குப் பழைய கப்பையே திரும்பப் போட்டு ஓட்டுகிறார்கள். கப் தேய்ந்திருந்தாலும் அளவு சரி.

கல்கிசை

கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, கார் ஷெட்டில் நின்ற வண்டி. அலுமினியம் சீட் போஸ்ட், ஸ்டீல் பிரேம், உப்புக் காற்று. போஸ்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. எந்தப் பக்கமும் அசையவில்லை.

கராஜில் காஸ் லாம்பு காட்டச் சொன்னார்கள். அது தலைகீழான யோசனை. அலுமினியம் சூட்டில் ஸ்டீலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், உள்ளே இருக்கிற போஸ்ட் இன்னும் இறுகும். குழாய்கள் சேருகிற லக்கில் இருக்கிற பிரேசிங் ஒட்டுக்கும் அந்தச் சூடு கூடாது.

பிரேமைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பிபி ஷெல் வழியாகத் துரு எண்ணெய் ஊற்றி ஐந்து நாள். மேலே திறந்த குழாய் வகைப் போஸ்ட் என்றபடியால் அதற்குள் ஐஸ் பொடியும் உப்பும் அடைத்து இருபது நிமிஷம். ஸ்டீல் குளிர முதல் சீட் கிளாம்பைப் பிடித்துத் திருகினபோது "டக்" என்று ஒரு சத்தம். பிரேம் வெடித்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். அது வெள்ளைப் பொடி விட்ட சத்தம். முதலில் திருக வேண்டும், இழுப்பது பிறகு.

வராவிட்டால் கடைசி வழி கோஸ்டிக் சோடா. அலுமினியத்தைத் தின்னும், ஸ்டீலைத் தின்னாது. ஆனால் பெயின்ட் போகும், கண்ணில் பட்டால் பார்வை போகும், எழுகிற வாயு எரியக்கூடியது. திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் செய்யவே கூடாது.

தெமட்டகொடை

எங்களுக்கு வந்தது கொட்டர் பின் (கிராங்கை அக்சிலோடு இறுக்குகிற ஆப்பு) கிராங்க் உள்ள வண்டி. முன்பு யாரோ சுத்தியலால் அடித்தே கழற்றியிருக்கிறார்கள், பிபி அக்சிலில் குண்டு ஓடுகிற பாதை முழுக்கக் குழி. அவ்வளவுதான் கதை. ஆனால் கொட்டர் பின்னைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நட்டை முழுக்கக் கழற்றாதீர்கள். நட்டின் முகமும் பின்னின் நுனியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தளர்த்துங்கள், அடி விழும்போது புரி நசியாது. முதல் நாள் இரவே எண்ணெய் விடுங்கள். பின்னின் தலை உள்ளே போகிற அளவு இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை வெட்டி, கிராங்குக்குக் கீழே சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். கிராங்கின் பாரம் முழுவதும் குழாயில் நிற்க வேண்டும். பிறகு பெரிய சுத்தியலால் ஒரே ஒரு நல்ல அடி. சின்னச் சுத்தியலால் இருபது தட்டுத் தட்டினால் பின் நுனி காளான் மாதிரி விரியும், அதன் பிறகு துளையிட்டுத்தான் எடுக்கலாம். குழாய் வைக்காமல் அடித்தால் அடி முழுவதும் அக்சில் வழியாகக் குண்டுக்குப் போகும், குண்டு அக்சிலையும் கப்பையும் குழி விழுத்தும். நான் சொன்ன வண்டிக்கு நடந்தது அதுதான்.

புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். ஆங்கில வண்டிக்கு 9.5 மில்லிமீற்றர், பிரெஞ்சு, இத்தாலி வண்டிக்குப் பெரும்பாலும் 9. இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், இல்லாவிட்டால் கிராங்க் இரண்டும் ஒரே கோட்டில் நிற்காது. பின்னை அடித்து இறுக்கிய பிறகுதான் நட்டு. நட்டால் பின்னை இழுக்கப் பார்த்தால் புரி உரியும். 30 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப ஒரு அடி, திரும்ப ஒரு இறுக்கு. இதைச் செய்யாதவர்களின் வண்டிதான் "டக் டக்" என்று அடிக்கிறது.

கல்கிசைக்காரருக்கு ஒன்று: ஐஸ் வேலை செய்தது நல்லது, ஆனால் ஐந்து நாள் எண்ணெய்தான் வேலையில் பாதி.

பம்பலப்பிட்டி

டயர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 27 × 1¼ சில்லு உள்ள வண்டிக்கு, "28 போடுங்க, கொஞ்சம் பெரிசு, சரியா இருக்கும்" என்று ஒரு கடையில் 28 × 1½ டயர் கொடுத்தார்கள். கையாலேயே ஏறிவிட்டது, லீவர் தேவைப்படவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காற்று 40 தாண்டியதும் ஒரு பக்கம் டயர் ரிம்மை விட்டுத் தூக்கி, ரியூப் எலுமிச்சம்பழ அளவில் வெளியே பிதுங்கினது. வால்வைக் கழற்ற முதல் வெடிச்சது.

டயர் இருக்கிற இடத்தில் ரிம்மின் விட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்: 27 என்றால் 630 மில்லிமீற்றர், 28 × 1½ என்றால் 635, 700 சி என்றால் 622. பெயரில் இருக்கிற இலக்கத்தை நம்பினால் இப்படித்தான்.

27 டயர் கொழும்பில் தேடி அலைய வேண்டியிருக்கு. 700 சி ரிம்முக்கு மாறலாம், ஆனால் பிரேக் கட்டை 4 மில்லிமீற்றர் கீழே இறங்க வேண்டும். கலிப்பரின் கை அவ்வளவு எட்டுமா என்று முதலில் பாருங்கள். பின் சில்லு பூட்டுகிற போர்க்கின் உள் அகலத்தையும் அளங்க: 5 கியர் வண்டிக்கு 120 மில்லிமீற்றர், 6, 7 கியருக்கு 126. ரிம் பிரேக்குக்கான புது ரோட் ஹப் பெரும்பாலும் 130.

ஒரிஜினலாகவே வைக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. குரோம் பூசின ஸ்டீல் ரிம்மில் மழை நாளில் பிரேக் பிடித்துப் பாருங்கள், காலி (Galle) வீதியில் அடுத்த பஸ்ஸின் பம்பரில்தான் நிற்கும். அலாய் ரிம் போடுங்கள், பழைய ரிம்மைக் கிரீஸ் பூசிச் சுவரில் மாட்டுங்கள்.

வத்தளை

வருஷம் கண்டுபிடிக்க: ஸ்டேர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் என்றால் ஓட்டிலேயே அடித்திருக்கும், "68 7" என்றால் 1968 ஜூலை. பழைய கம்பக்னோலோ பின் கியர் மாற்றியில் (டிரெயிலியர்) "பேட்டன்ட்" என்ற சொல்லுக்குப் பின்னால் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். ஷிமானோ சாமானில் இரண்டு ஆங்கில எழுத்து, முதலாவது வருஷம் (A என்றால் 1976), இரண்டாவது மாதம் (A என்றால் ஜனவரி). எங்களுக்கு வந்த வண்டியில் எட்டாவது எழுத்தான H, பிறகு மூன்றாவது எழுத்தான C, அதாவது 1983 மார்ச். விற்றவர் "வெள்ளைக்காரன் காலத்து வண்டி" என்று சத்தியம் பண்ணினார். ஆனால் இந்தக் குறிகள் சொல்வது ஹப்பின் வயசு, கிராங்கின் வயசு மட்டும்தான். மூன்று நாலு சாமான் ஒரே வருஷத்தைக் காட்டினால் மட்டும் பிரேமுக்கும் அதைச் சொல்லலாம்.

வாங்க முதல் டவுன் குழாயின் (முன்னாலிருந்து பிபிக்கு இறங்குகிற குழாய்) அடியில், ஹான்டில் நிற்கிற ஹெட் குழாய்க்குப் பின்னால் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயின்டில் சுருக்கம் தட்டுப்பட்டால் முன்னால் மோதின பிரேம். 531 டவுன் குழாயின் நடுப்பகுதி பெரும்பாலும் 0.6 மில்லிமீற்றர்தான், அதே காரணத்துக்காக சாண்ட் பிளாஸ்டிங்கும் வேண்டாம். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 30 கிராம் ஒக்ஸாலிக் அசிட், ஒரு இரவு ஊற வைத்துக் கழுவினால் துரு போகும்.

கிருலப்பனைத் தம்பிக்கு: கப் உருண்டால் முடிந்துவிட்டது என்றில்லை. 16 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றும் நட்டும் தடித்த வாஷர்களும் பழைய சோனகத் தெருவில் வாங்குங்க. போல்ட்டை இடப் பக்கத்தால் உள்ளே விட்டு, தலை உள்ளே, நட்டு வெளியே வருமாறு கப்பை நடுவில் நெரியுங்க. இடப் பக்கத்தால் சொக்கட் போட்டுத் தலையைப் பிடிச்சுக்கொண்டு நட்டை இறுக்குங்க. இறுகின பிறகு தலையை விட்டுவிட்டு நட்டை அதே வலஞ்சுழியாகத் தொடருங்க. இறுகுகிற திசையும் கப் கழருகிற திசையும் ஒன்று. ஸ்பானர் வழுக்க இடமே இல்லை. இடது கப் ஆங்கில அளவுதானா என்று முதலில் உறுதிப்படுத்துங்க.

கிருலப்பனை

அண்ணா, வந்துட்டுது. இடது கப்பில் புரி அளவுத் தகட்டை வைச்சுப் பார்த்தேன், 24. ஷெல் 68. ஒரு இரவு எண்ணெய், பிறகு நட்டை இறுக்கி நீட்டுப் பைப் போட்டேன். போல்ட் முழுவதும் முறுகிற மாதிரி இருந்து, ஒரு கால் சுற்று அசைஞ்சுது, மிச்சம் கையாலேயே.

ஷெல்லுக்குள்ளே ஒரு கைப்பிடி துருத் தூள், சீட் குழாய் வழியாக இறங்கின மழைத் தண்ணிதான். அடியில் தண்ணி வடியிறதுக்கு இருந்த துளையைப் பச்சைப் பெயின்ட் அடைச்சிருக்கு. அதைச் சுரண்டினபோது பக்கத்தில் ஐந்து இலக்கம் வெளியே வந்துது. பெயர் இன்னும் தெரியாது. நாளைக்குக் கால் அங்குலக் குண்டு 22 வாங்கப் போறேன், பக்கத்துக்கு 11.