அந்நூர் அத்தியாயத்தின் விளக்கு மாடமும் அப்பர் தேவாரமும்: சேர்த்து வாசிப்பது முறையா?

பாண்டிருப்பு ஆசிரியை:
எங்கள் ஊரையும் மருதமுனையையும் சேர்ந்த ஆசிரியர்கள் சிலர், மாதம் ஒருமுறை கூடி சைவம், இஸ்லாம் ஆகிய இரு சமய நூல்களையும் வாசித்து வருகிறோம். சென்ற முறை அல்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான அந்நூரின் 35ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டோம். இறைவனை வானங்களினதும் பூமியினதும் ஒளி என்று கூறும் அவ்வசனம், அந்த ஒளிக்கு உவமையாக ஒரு மாடத்தையும் அதனுள் கண்ணாடிக்குள் எரியும் விளக்கையும் காட்டுகிறது. ‘மாடம்’ என்று வாசித்தவுடன், அம்மம்மா வீட்டுச் சுவரிலிருந்த மாடக்குழியும், எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அதன் மேல்விளிம்பில் திரும்பவும் படிந்துவிடும் கரியும் எனக்கு நினைவுக்கு வந்தன. கூடவே, உடம்பை வீடாகவும் உள்ளத்தை அகலாகவும் உணர்வை நெய்யாகவும் உயிரைத் திரியாகவும் பாடிய அப்பரின் நான்காம் திருமுறைப் பாடலும் நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னபோது ஒருவர் மகிழ்ந்தார். மற்றொருவரோ, வசனத்தில் இல்லாத பொருளை அதன்மீது ஏற்றுகிறீர்கள் என்றார். இஸ்லாமிய ஞானியரான ஸூபிகள் இவ்வசனத்தை எவ்வாறு வாசித்தார்கள்?

கல்முனைக்குடியான்:
சகோதரி, உங்கள் ஒப்பீட்டுக்கு மிக அருகில் வருபவர் 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி. இவ்வசனத்துக்கென்றே ‘மிஷ்காத்துல் அன்வார்’ என்ற நூலை எழுதிய அவர், மாடத்தைப் புலனுணர்வாகவும் கண்ணாடியைக் கற்பனையாகவும் விளக்கை அறிவாகவும் அதற்கு எண்ணெய் தரும் ஸைத்தூன் (ஒலிவ) மரத்தைச் சிந்தனையாகவும் எண்ணெயை நபிமார்க்குரிய தெளிவாகவும் படிப்படியாக விளக்குகிறார். ஆனால் வெளிப்பொருளை அவர் கைவிடவில்லை. மூஸா நபிக்குக் காலணிகளைக் கழற்றுமாறு வந்த கட்டளைக்கு, இம்மை மறுமை இரண்டின் பற்றையும் கழற்றுவது உட்பொருள் என்று கூறும் அவரே, மூஸா நபி காலணிகளை உண்மையாகவே கழற்றினார் என்பதையும் வலியுறுத்துகிறார். உட்பொருளை மட்டும் பிடித்துக்கொள்வோரையும் சொல்லோடு நின்றுவிடுவோரையும் அவர் ஒருங்கே கண்டிக்கிறார். பள்ளிவாசல் படியிலும் கோயில் வாசலிலும் செருப்பைக் கழற்றும் நமக்கு இது புரியாத செய்தியன்று.

ஏறாவூர் வாசகர்:
மறுத்த நண்பரின் கவலையைத் தள்ளிவிட வேண்டாம். ஸூபிகளே தங்கள் வாசிப்பை ‘இஷாரா’, அதாவது குறிப்பு, என்றுதான் அழைத்தார்கள். சட்டமும் வணக்கமும் அதனால் மாறுவதில்லை. அதேவேளை, மாடத்தை மனிதனுக்குள் காண்பது ஸூபிகளுக்கு மட்டும் உரியதுமன்று. தபரியின் தப்ஸீரிலேயே (குர்ஆன் விரிவுரை), மாடம் என்பது முஃமினின் (இறைநம்பிக்கையாளரின்) நெஞ்சு என்ற விளக்கம் நபித்தோழர் உபை இப்னு கஅபின் கூற்றாக வருகிறது. எனக்குப் பெரிதாகத் தோன்றும் வேறுபாடு எண்ணெயில்தான் இருக்கிறது. அப்பர் பாடலில் நெய் வார்த்து, திரியிட்டு, ஞானத்தீயை ஏற்றி, இருந்து நோக்க வேண்டும். வசனத்திலோ, நெருப்புத் தீண்டாமலே அந்த ஸைத்தூன் எண்ணெய் ஒளிர்ந்துவிடும் போலிருக்கிறது. தான் நாடியவரையே இறைவன் தன் ஒளியின்பால் செலுத்துகிறான். இரண்டும் ஒன்றே என்று சொல்லி முடித்துவிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

காரைதீவு அன்பர்:
ஏறாவூர் ஐயா கூறியது சரியே. ஆனால் முயற்சி ஒரு பக்கம், அருள் மறுபக்கம் என்று கோடு கிழித்துவிடவும் முடியாது. ‘அவனருளாலே அவன்தாள் வணங்கி’ என்ற மாணிக்கவாசகரை ஓதும் சைவர், ஞானத்தீயை உயிர் தானாகவே மூட்டிக்கொள்கிறது என்று ஒருபோதும் கூறார்.

பாண்டிருப்பு ஆசிரியை:
மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் எண்ணெயைக் கவனிக்கவில்லை. அடுத்த மாதம் ஒப்பீட்டிலிருந்து தொடங்காமல், நெருப்புத் தீண்டாத எண்ணெய் என்ற அந்த ஒரு வரியிலிருந்து தொடங்க எண்ணியிருக்கிறோம். அதை வாசித்து விளக்குமாறு, அன்று மறுத்த நண்பரையே கேட்டிருக்கிறேன்.