விசைவில்லின் இழுப்பைச் சொல்ல ஆறு சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

கைத்துப்பாக்கியின் ட்ரிகரை மாற்றுவது பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘கனமாக இருக்கிறது, இலேசாக்க வேண்டும்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கனம் என்ற ஒரே சொல்லுக்குள் பல குறைகள் கலந்துகிடப்பதால், எந்த உறுப்பை மாற்றுவது, மாற்றத்தான் வேண்டுமா என்று முடிவு செய்ய முடிவதில்லை. அமெரிக்காவில் பரவலாக மாற்றப்படும் க்ளாக் 17, மூன்றாம் தலைமுறையை வைத்துச் சொற்களை முன்வைக்கிறேன்.

ட்ரிகருக்கு ‘விசை’ என்பது நாளிதழ் வழக்கு. ஆனால் நியூட்டனில் அளப்பதும் விசைதான். க்ளாக்கின் இழுப்பு சுமார் 25 நியூட்டன், அதாவது 2.5 கிலோ. அதை ‘விசையின் விசை’ என்றா எழுதுவது? ‘குதிரை’ என்பதைச் சுத்தியலுக்கும் சொல்கிறார்கள். க்ளாக்கில் சுத்தியலே கிடையாது, தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசிதான் பாய்கிறது. ஏற்கெனவே புழங்கும் ‘விசைவில்’ போதும்.

இனி இழுப்பு. விரல் வைத்ததும் எளிதாக நகரும் தூரம் ‘வெற்றோட்டம்’. பிறகு ஒரு தடை தட்டுப்படும். அதைக் கடக்கும்போது அரைத்துக்கொண்டு நகர்ந்தால் அது ‘ஊர்வு’. ஊசி கழலும் இடம் ‘விடுபுள்ளி’, அதுவரை கொடுக்க வேண்டிய உச்ச அழுத்தம் ‘இழுப்பெடை’. ஊசி போன பிறகும் விசைவில் பின்னால் போவது ‘மிகையோட்டம்’. விரலைத் தளர்த்தும்போது ‘க்ளிக்’ என்று அடுத்த சுடுதலுக்குப் பிடித்துக்கொள்வது ‘மீள்பிடிப்பு’.

இவற்றைப் பிரித்துச் சொல்வதன் பயன் கனெக்டரில் தெரியும். விசைவில்லின் இழுதண்டைக் கீழே இறக்கி ஊசியை விடுவிக்கும் சாய்வான சிறு தகடு அது. கழித்தல் குறியிட்ட கனெக்டரைப் போட்டால் இழுப்பெடை சுமார் 2 கிலோவுக்கு இறங்கும். ஆனால் சாய்வு மாறுவதால் ஊர்வு கூடும்; விடுபுள்ளி மழுங்கியதுபோல் இருக்கும். ‘இலேசாகிவிட்டது, ஆனால் முன்னைப்போல் சுத்தமாக இல்லை’ என்ற புகார் இதனால்தான் வருகிறது. ஊர்வுதான் தொல்லை என்றால் அந்தத் தகட்டை வாங்கவே கூடாது. துப்பாக்கியோடு வந்த கனெக்டரையே வைத்துக்கொண்டு, தகடும் தண்டும் உரசும் முகத்தை உலோகப் பாலிஷும் துணியும் கொண்டு மெருகேற்றினால் போதும். அரமும் உப்புத்தாளும் வேண்டாம். கோணம் கெட்டால் திரும்ப வராது.

கனெக்டருக்கு ‘சாய்தகடு’ என்று வைக்கலாமா?

---

> எளிதாக நகரும் தூரம் ‘வெற்றோட்டம்’

ஐயா, மற்றவை சரி. இந்தச் சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை. க்ளாக்கில் அந்தத் தூரம் வெறுமையானதல்ல. ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பகுதி) திரும்பும்போது ஊசி பாதிதான் இழுபட்டு நிற்கிறது. விரல் நகர்த்தும் அந்தத் தூரத்தில்தான் ஊசி மேலும் பின்னால் போகிறது, ஊசியைத் தடுக்கும் குமிழ் மேலே தூக்கப்படுகிறது, ஊசியைப் பிடித்திருக்கும் இழுதண்டின் சிலுவைமுனை விழுகாப்பு மேடையிலிருந்து நகர்கிறது. ‘வெற்று’ என்று பெயர் வைத்தால், தேவையில்லாத தூரம்தானே என்று திருகாணியால் குறைக்கத் தோன்றும். அளவு மீறிக் குறைத்தால் கீழே விழும்போது காக்கும் ஏற்பாடு போய்விடும். ‘முன்னிழுப்பு’ என்று வையுங்கள்.

‘சாய்தகடு’ம் பாதி வேலையைத்தான் சொல்கிறது. சுட்டதும் ஸ்லைடு அதைப் பக்கவாட்டில் தள்ளுவதால்தான் இழுதண்டு மேலெழுந்து ஊசியை மறுபடி பிடிக்கிறது. மீள்பிடிப்பும் அந்தத் தகட்டின் வேலைதான். ‘கனெக்டர்’ என்றே விட்டால் கடையிலும் கேட்டு வாங்கலாம்.

மாற்றும் முறையையும் சேர்த்துப் பதியலாம். மேகஸினைக் கழற்றி, குழலின் தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்த பிறகே தொடங்க வேண்டும். ஸ்லைடை எடுத்தபின் 2.4 மி.மீ. பஞ்ச் கொண்டு உறுப்புகளைப் பிடித்திருக்கும் மூன்று பின்களையும் இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். மேலே இருப்பதை முதலில் எடுத்து, பூட்டும்போது கடைசியில் போடுங்கள். விசைவில் ஸ்பிரிங் ஆங்கில எஸ் வடிவில் நிற்க வேண்டும். திருப்பி மாட்டினால் மீள்பிடிப்பு தவறும்.

பூட்டியபின் நான்கு சோதனை. விசைவில்லின் நடுவில் உள்ள பாதுகாப்பு நாக்கைத் தொடாமல் ஓரத்தை மட்டும் அழுத்தினால் விசைவில் நகரக் கூடாது. விசைவில்லைப் பிடித்தபடி ஸ்லைடை இழுத்து விட்டு, விரலை மெல்லத் தளர்த்தினால் மீள்பிடிப்பு கேட்க வேண்டும். ஸ்லைடு தனியே இருக்கும்போது ஊசியை முன்னே தள்ளினால் நுனி வெளியே வரக் கூடாது. கடைசிச் சோதனைக்கு ஜன்னல் வெட்டிய பின்மூடி வேண்டும்: சிலுவைமுனை ஊசியின் பல்லை மூன்றில் இரண்டு பங்காவது பிடித்திருப்பது அதன் வழியே தெரியும். நான்கில் ஒன்று தவறினாலும் பழைய உறுப்புக்கே திரும்ப வேண்டும்.

இன்னொன்று. இழுப்பெடையை மேலும் குறைக்க ஊசியின் ஸ்பிரிங்கையும் மெலிதாக்குகிறார்கள். ஊசி பாயும் வேகம் குறைவதால் கடினமான பிரைமரில் (தோட்டாவின் அடியில் ஊசி தட்டும் பற்றுமூடி) மெல்லிய குழி மட்டும் விழும், தோட்டா வெடிக்காது. தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் இதைச் செய்யவே கூடாது.

---

‘முன்னிழுப்பு’ பொருத்தம், ஏற்றுக்கொள்வோம். கனெக்டர் அப்படியே இருக்கட்டும்.

இச்சொற்கள் க்ளாக்குக்கு வெளியேயும் நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதை உரிமமின்றித் தொழிலாகச் செய்ய முடியாது. நம் வாசகர்களில் பலர் இழுப்பெடையைச் சந்திப்பது போட்டிச் சோதனை மேசையில்தான். பன்னாட்டுச் சுடுதல் விதிப்படி 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிக்குக் குறைந்தபட்ச இழுப்பெடை 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். குழலை நேர் செங்குத்தாக நிறுத்தி, விசைவில்லின் நடுவில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். தொங்குவது உண்மையிலேயே எடைக்கல் என்பதால் ‘இழுப்பெடை’ அங்கே இன்னும் பொருந்துகிறது. சரியாக 500இல் நிறுத்தாமல் சற்றே கூட்டி வைப்பது நல்லது.

காற்றுக் கைத்துப்பாக்கியில் முன்னிழுப்பு, ஊர்வு, மிகையோட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகாணி உண்டு. மிகையோட்டத் திருகாணியை முழுதும் இறுக்கினால் சிறு அழுக்கு சேர்ந்தாலே விடுபுள்ளி எட்டாமல் நின்றுவிடும். கால் சுற்றாவது தளர்த்தி வைக்க வேண்டும்.

பாக்கி இருப்பது ‘சியர்’. சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் உறுப்பு அது. நான் ‘பிடிநாக்கு’ என்கிறேன். க்ளாக்கின் சிலுவைமுனையும் அதே வேலையைச் செய்வதால் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா, தனித்தனியாக வேண்டுமா என்பதைச் சொல்லுங்கள்.