ஜிம்னி அடித்தகடு: போர்ட்டிகோவுல வெல்டிங் பழகறது சரியா?

செம்மண் ஜிம்னி (கோவை):
"வண்டிக்கு அடியில அடிக்கிற ஆர்மரை (பாறையில இருந்து காக்கற இரும்புக் கவசம்) வீட்டுல செய்யறவன் வண்டியைக் கெடுக்கத்தான் செய்வான், ரெடிமேட் வாங்கி மாட்டு"ன்னு போன மீட்டப்புல ஒரு அண்ணன் அடிச்சுச் சொன்னாரு. எனக்கு ஒத்துக்க முடியல.

என் அஞ்சு கதவு மாருதி ஜிம்னிக்கு இன்ஜின் அடியில இருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் (நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரிச்சுக் குடுக்கற பெட்டி) தாண்டி வரைக்கும் ஸ்கிட் பிளேட், அதாவது அடித்தகடு, நானே அடிச்சேன். 4 மி.மீ எம்.எஸ் (சாதா இரும்பு) தகடு, ஆர்க் வெல்டிங் மெஷின், 4 இன்ச் கிரைண்டர், அவ்வளவுதான் சாமான். முதல் தகடு தேறல. போல்ட் தலை கீழ துருத்திக்கிட்டு இருந்ததால பாறையில உரசி மழுங்கிப் போச்சு, ஸ்பானர் பிடிக்கல. ஆயில் மாத்தணும்னா தகடைக் கழட்டணும், ஏன்னா டிரெய்ன் பிளக்குக்கு (பழைய ஆயிலை இறக்கற திருகு) நேரா ஓட்டை விடல. கடைசியில கிரைண்டர் வெச்சு போல்ட்டை அறுத்துத்தான் இறக்கினேன். ரெண்டாவது தகடுல ஒவ்வொரு போல்ட்டைச் சுத்தியும் தடிமனான வளையம் வெல்ட் பண்ணிட்டேன். தலை அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு, பாறை வளையத்துல உரசிட்டுப் போயிடுது. டிரெய்ன் பிளக்குக்கு ஓட்டையும் விட்டாச்சு. கிட் வாங்கி மாட்டியிருந்தா இதெல்லாம் எதுக்கு அப்படி இருக்குன்னே தெரிஞ்சிருக்காது.

கட்டைக்குரல் (திருச்சி):
தம்பி, நீங்க சொன்னது எல்லாமே கண்ணுக்குத் தெரியற தப்பு. போல்ட் மழுங்கினா தெரியும், ஓட்டை இல்லன்னா தெரியும். வெல்டிங்ல வர்ற தப்பு அப்படி இல்ல. மேல பாத்தா மீன் செதில் மாதிரி அழகா அடுக்கியிருக்கும், அடியில தகடு உருகியே இருக்காது. இங்க பாய்லர் செய்யற பெல் (BHEL) நிறுவன வேலையை எடுத்துச் செய்யற பட்டறைகளைப் போய்ப் பாருங்க. 6ஜி (சாய்ஞ்சு நிக்கற பைப்பைச் சுத்தி வெல்ட் பண்ற கஷ்டமான தேர்வு) பாஸ் பண்ணின வெல்டர் போட்ட பைப் ஜாயின்ட்டையே எக்ஸ்ரே எடுத்துத்தான் அடுத்த வேலைக்கு விடுவாங்க, அதுலயும் ரிஜெக்ட் வரும். நீங்க யூடியூப் பாத்து 6013 ராடுல (சாதாரண வெல்டிங் ராடு) போட்டதை யார் பாத்தா? தப்புல இருந்து கத்துக்கணும்னா முதல்ல தப்பு நடந்தது உங்களுக்குத் தெரியணும் இல்ல?

செம்மண் ஜிம்னி:
அண்ணே, பாய்லர் டியூப்புக்கும் அடித்தகடுக்கும் ஒரே அளவுகோலா? பாய்லர் வெடிச்சா ஆள் போயிடும். என் தகடுல ஒரு பிராக்கெட் விட்டுச்சுன்னா தடதடன்னு சத்தம் வரும், இறங்கிப் பாப்பேன்.

ஜிப்சி அக்கா (தேனி):
நான் தம்பி பக்கம். சூரியநெல்லியில இருந்து கொளுக்குமலைக்கு ஏறுற ஜீப்புங்களைக் குனிஞ்சு பாத்திருக்கீங்களா? உள்ளூர் பட்டறையில ஒட்டு மேல ஒட்டுப் போட்டுத்தான் அந்தக் கல்லு ரோட்டுல தினமும் ஓடுது. உடைஞ்ச இடத்துல எப்படிக் கட்டணும்னு உடைஞ்சதே அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துடும்.

ஆனா தம்பி, 4 மி.மீ தகடை சப்பையா அப்படியே மாட்டாதீங்க. முன் ஓரத்தை மேல் நோக்கி மடிங்க, ரெண்டு பக்க ஓரத்தையும் ஒரு இன்ச் மடிச்சு விடுங்க. மடிப்பு இல்லாத தகடு நடுவுல குழிஞ்சு போய் சம்ப்பை (இன்ஜினுக்கு அடியில இருக்கற ஆயில் தொட்டி) முட்டும், காக்க வேண்டியதே ஓட்டை போட்ட கதை ஆயிடும். தகடு ரெண்டு துண்டா இருந்தா முன் தகட்டோட பின் ஓரம் கீழயும், பின் தகட்டோட முன் ஓரம் அதுக்கு மேலயும் வரணும். மாத்திப் போட்டா முன்னாடி போகும்போது கல் அந்த ஓரத்துல கொக்கி மாதிரி மாட்டிக்கும். இன்னொண்ணு, ஜிம்னியில டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸை ஒட்டாம தனியா ரப்பர் மவுன்ட்டுல தொங்குது. தகடை அதுல கட்டிடாதீங்க, சேஸியில மட்டும்.

கட்டைக்குரல்:
அக்கா, கொளுக்குமலை ஜீப் பட்டறைக்காரர் பரம்பரையா அதே வேலை பாக்கறவர். போர்ட்டிகோவுல சனி ஞாயிறு வெல்டிங் பண்றவர் இல்ல.

சரி, வெல்டிங்கை விடுங்க, எடையைப் பாப்போம். 1100க்கு 700 மி.மீ தகடு, 4 மி.மீ எம்.எஸ்னா 24 கிலோ. பயந்து 6 மி.மீ போட்டீங்கன்னா 36 கிலோ. ஜிம்னி காலி எடை கிட்டத்தட்ட 1200 கிலோ, மொத்த அனுமதி எடை 1545. மிச்சம் 340 சொச்சம். நாலு பேர் ஏறினா அதுல 280 போச்சு. இருக்கற 60 கிலோவுல தகடு, ரெண்டு பக்க ஸ்லைடர் (கதவுக்கு அடியில நீளமா வர்ற காப்புப் பைப்), முன் பம்பர், வின்ச் (வண்டியை இழுக்கற கயிறு மோட்டார்)னு எதை வைப்பீங்க? வீட்டுல செய்யறவங்க எல்லாருக்கும் ஒரே வியாதி: வெல்டிங் மேல நம்பிக்கை இல்ல, அதனால தடிமனைக் கூட்டுவாங்க. ஸ்பிரிங் உக்காந்துடும், தகடு எதுக்குப் போட்டோமோ அந்தக் கிளியரன்ஸே குறையும்.

செம்மண் ஜிம்னி:
எடை விஷயம் சரிதான், அதுக்குப் பதில் அலுமினியம். 6 மி.மீ அலுமினியத் தகடு 4 மி.மீ எம்.எஸ் அளவுக்கு விறைப்பு குடுக்கும், எடை பாதிதான். அதே அளவுக்குப் 12 கிலோ சொச்சம் வரும்.

ஜிப்சி அக்கா:
பாறையில அலுமினியம் சறுக்காது தம்பி, கடிச்சுக்கும். இரும்புல கீறல் விழுந்தாலும் வண்டி வழுக்கிட்டுப் போயிடும். மண் ரோடு, ஆத்து மணல் மட்டும்தான்னா அலுமினியம் போடுங்க.

லாரிபாடி (திருச்செங்கோடு):
போர்வெல் ரிக் கட்டற ஊர்ல இருந்து எழுதறேன். வெல்டிங் தெரியும், இங்கிலீஷ் தெரியாது, மன்னிக்கவும். ரெண்டு பேரும் தகடைப் பத்தியே பேசறீங்க. வீட்டுல செய்யறவங்க மாட்டிக்கறது வேற இடத்துல.

ஒண்ணு, ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்). பக்கத்துக் கடையிலயே கிடைக்கும்னு ஸ்லைடருக்கு அதை வாங்கிட்டு வந்துடுவாங்க. துத்தநாகப் பூச்சு எரிஞ்சு வெள்ளைப் புகை வரும், மூடின செட்டுல இழுத்தா ராத்திரி குளிர்க் காய்ச்சல் அடிக்கும். கருப்புப் பைப் வாங்குங்க. பிரேக் கிளீனர் தெளிச்சுத் துடைச்ச இடத்துல அது காயறதுக்குள்ள ஆர்க் அடிக்காதீங்க, சிலதுல குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும், சூட்டுல அது விஷவாயு ஆகும். ரெண்டாவது, பைப் வளைக்கறது. பிளம்பர் வெச்சிருக்கற ஹைட்ராலிக் பெண்டர்ல மெல்லிசு டியூப்பைப் போட்டா உள்பக்கம் நசுங்கி மடியும். அடி வாங்கறப்போ முதல்ல மடியப் போறது அந்த இடம்தான். மூணாவது, வண்டியில நேரடியா ஆர்க் அடிக்கறதுக்கு முன்னாடி பேட்டரி வயரைக் கழட்டணும், எர்த் கிளாம்ப்பை வெல்ட் பண்ற இடத்துக்குப் பக்கத்துலயே போடணும். எர்த்தை பம்பர்ல மாட்டிட்டுப் பின்னாடி அடிச்சு இசியு (இன்ஜினை இயக்கற கம்ப்யூட்டர்) போன வண்டி எங்க பட்டறைக்கே வந்திருக்கு.

கட்டைக்குரல் அண்ணன் கேட்டதுக்கு: தப்பு தெரிய எக்ஸ்ரே வேண்டாம். ரெண்டு துண்டுத் தகடை 'டி' மாதிரி நிக்க வெச்சு ஒரு பக்கம் மட்டும் வெல்ட் போடுங்க. வைஸ்ல கட்டி, நிக்கற துண்டை வெல்ட் இருக்கற பக்கமா மடியற மாதிரி சம்மட்டியால அடிங்க. உடைஞ்சா உள்ள பாருங்க. நிக்கற துண்டோட கீழ் விளிம்பு வெட்டினபடியே உருகாம பளபளன்னு தெரிஞ்சா ஆம்பியர் பத்தல, இல்ல ராடை வேகமா இழுத்திருக்கீங்க. உடையாம மடிஞ்சா நல்லது.

கட்டைக்குரல்:
இது நல்ல சோதனை, ஏத்துக்கறேன். ஆனா அண்ணே, அது மேஜையில குனிஞ்சு போட்ட வெல்ட். அதே ஆள் வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்து, ஹெல்மெட்டுக்குள்ள நெருப்புப் பொறி விழ, தலைக்கு மேல ராடு பிடிச்சா அதே ஊடுருவல் வருமா?

செம்மண் ஜிம்னி:
வராது. அதனாலதான் வண்டியில டேக் (நகராம இருக்கப் போடற சின்னப் புள்ளி வெல்ட்) மட்டும் வெச்சு, கழட்டி, மேஜையில கவுத்துப் போட்டு முழு வெல்டும் அடிச்சேன். ஒரே பக்கமா இழுத்தா கோணிக்கும்னு எதிர் எதிர் மூலையில ரெண்டு இன்ச், ரெண்டு இன்ச்சா. சேஸியில ஏற்கனவே இருந்த ஓட்டைல 8.8 கிரேடு போல்ட் (வலுவான ரகம்). சேஸியில நான் ஆர்க்கே அடிக்கல.

டயர் பஞ்சர் (மதுரை):
அப்போ முன்னாடி புல் பாரும் (பம்பர் மேல கட்டற கம்பிச் சட்டம்) வீட்டுலயே அடிச்சிடலாமா பாஸ்?

கட்டைக்குரல்:
அடிக்கலாம், ஆர்டிஓ அறுத்துட்டு அபராதமும் போடுவாரு. மத்திய அரசு 2017 டிசம்பர்லயே கிராஷ் கார்டு, புல் பார் எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுக்கு விரோதம்னு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விட்டாச்சு. சட்டத்தை விடுங்க, ஜிம்னியில ஆறு ஏர்பேக். முன்னாடி நசுங்க வேண்டிய இடத்துல விறைப்பா ஒரு கம்பியைக் கட்டினா சென்சாருக்கு எப்போ தெரியும், எவ்வளவு தெரியும்னு உங்க போர்ட்டிகோவுல சோதிக்க வழியே இல்ல. அதே மாதிரிதான் ரெக்கவரி ஹூக் (மாட்டின வண்டியை இழுக்கக் கயிறு மாட்டற கொக்கி). சேத்துல மாட்டின வண்டியை இழுவைக் கயிறு போட்டு இழுக்கும்போது வீட்டு வெல்ட் விட்டுச்சுன்னா அந்த இரும்புத் துண்டு எதிர் வண்டிக் கண்ணாடியைத் துளைச்சுக்கிட்டு வரும். தம்பி சொன்ன "தடதடன்னு சத்தம் வரும், இறங்கிப் பாப்பேன்" அங்க நடக்காது.

செம்மண் ஜிம்னி:
ஹூக் விஷயத்துல வாதமே இல்லண்ணே, கம்பெனி குடுத்த சேஸி ஹூக்குதான். அடுத்து ஸ்லைடர் பண்ணப் போறேன். அதையும் போல்ட்லயே கட்டலாம்னு நினைக்கறேன்.

லாரிபாடி:
சேஸி மாதிரி மூடின பெட்டிச் சட்டத்துல நேரா ஓட்டை போட்டு போல்ட் இறுக்கினா சட்டம் நசுங்கும் தம்பி. உள்ள குழாய் ஸ்லீவ் வேணும். அந்த ஸ்லீவை நிறுத்த சேஸியில வெல்ட் வேணும்.

செம்மண் ஜிம்னி:
அப்போ யூ போல்ட்?

ஜிப்சி அக்கா:
யூ போல்ட் நழுவும். ஸ்லைடருக்கு அடியில ஹைலிஃப்ட் ஜாக் (உயரமான ஜாக்கி) போட்டு வண்டியையே தூக்குவீங்க, மறந்துடாதீங்க. தகடு மாதிரி சும்மா உரசற சாமான் இல்ல அது.

லாரிபாடி:
சேஸிக்கு முதல்ல ஒரு தகடு ஒட்டணும், அதுமேல ஸ்லைடர் கால். அந்தத் தகடை சேஸியோட நீளவாக்குல வெல்ட் பண்ணணும், குறுக்க மேலிருந்து கீழ ஒரே கோடா இழுத்தா அந்தக் கோட்டுலயே விரிசல் விடும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் உங்க ஊர்ல நல்ல பட்டறையில குடுங்க. கால், பைப் எல்லாம் நீங்களே டேக் வெச்சு எடுத்துட்டுப் போங்க, கூலி பாதியாகும்.

கட்டைக்குரல்:
ஆக சேஸி வெல்டிங் பட்டறைக்குத்தான் போகுது. இதைத்தானே நான் முதல்ல இருந்து சொல்றேன்?

செம்மண் ஜிம்னி:
நீங்க முதல்ல சொன்னது ரெடிமேட் வாங்கச் சொன்னவரை ஆதரிச்சுண்ணே. பைப்புக்கு இன்னிக்கே கடைக்குப் போறேன். லாரிபாடி அண்ணே, 48 மி.மீ வெளிவிட்டம், மூணரை மி.மீ கனத்துக்கு மேல இருக்கற கருப்புப் பைப் போதுமா, இல்ல சதுர டியூப் நல்லதா?

லாரிபாடி:
பைப் போதும். பாடியில இருந்து ஒரு இன்ச் தள்ளி வைங்க, கால் வளைஞ்சாலும் கதவடித் தகடுல முட்டக் கூடாது. வெளி நுனி லேசா மேல ஏறியிருக்கட்டும். ரெண்டு முனையையும் மூடிட்டு, அடியில சின்னதா ஒரு ஓட்டை விட்டுடுங்க, தண்ணி நின்னா உள்ளிருந்து துரு தின்னும்.