பாரமான டயர் போட்டால் ஹைலக்ஸின் இழுவை குறையுமா?

அண்ணாமார், வாகன வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கோ. எங்கள் டீசல் ஹைலக்ஸ் பிக்கப்பில் இப்போது 265/65 ஆர்17 டயர் (265 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், 17 அங்குல ரிம்). யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுவதும் கிளிநொச்சியில் வயலுக்குள் இறங்குவதும்தான் அதன் வேலை, மாரியில் சேற்றில் புதைகிறது, அதனால் 265/70 அளவில் சேற்று டயர் போட யோசிக்கிறேன். விட்டம் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் கூடும், ஸ்பீடோமீட்டர் இப்போதையதைவிட 3 சதவீதமளவு குறைத்துக் காட்டும், அது பரவாயில்லை. பெரிய சேற்று டயர் பாரமும் கூட, கவலை அதில்தான். சுழலும் பாரம் கூடினால் வாகனத்தை எடுக்கும்போதெல்லாம் எஞ்சின் கூட உழைக்கவேணும், பிரேக்கும் அப்படியே. ஏ9 வீதி சமதரைதானே, ஓடத் தொடங்கினால் தெரியாது என்கிறார்கள், ஆனால் லோட்டோடு ஆனையிறவில் எதிர்காற்று பிடித்தால்? இதே அளவு போட்டவர்கள், டீசல் எவ்வளவு கூடியது, பிரேக் பிடித்து நிற்கும் தூரம் மாறியதா? பழைய அளவிலேயே சேற்று டயர் போதுமென்றால் அதையும் சொல்லுங்கோ.