டண்டீயைச் சணல் ஊராக்கியது திமிங்கில எண்ணெயா?

பாய்மரம்: ஸ்காட்லாந்தின் டண்டீ துறைமுகம் சணலில் கொழித்ததற்கு முதல் காரணம் திமிங்கில எண்ணெய். வங்காளச் சணல் 1820களிலேயே வந்து இறங்கியது. லினன் துணிக்கான ஆளி (flax) நாரை நூற்கும் எந்திரத்தில் கொடுத்தால் அறுந்து அறுந்து போனது. எண்ணெயும் தண்ணீரும் காட்டிய பிறகே நூலானது. அந்த எண்ணெய் ஊரின் திமிங்கில வேட்டைக் கப்பல்களிலேயே வந்தது.

கோணிச்சாக்கு: எண்ணெய் போதுமென்றால் பீட்டர்ஹெட் அல்லவா சணல் நகரமாகியிருக்க வேண்டும்? 1850களில் திமிங்கில வேட்டையில் டண்டீக்கு முன்னே நின்ற ஊர் அது. டண்டீயிடம் முரட்டு லினன் ஆலைகள் இருந்தன. 1838இல் டச்சு அரசு காப்பிக்கொட்டைக்குச் சணல் சாக்கு கேட்டது. கிரிமியப் போரில் ரஷ்ய ஆளி நார் வரத்து தடைப்பட்டது. பிறகு அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி வரத்தும் குறைந்தது. ஆலைக்காரர்கள் சணலுக்குத் தாவியது இதனால்தான்.

பாய்மரம்: தாவியிருக்கலாம், நூற்றிருக்க முடியாது. கல்கத்தாவிலிருந்து வரும் பேல் (சணல் கட்டு) ஒன்று 400 பவுண்டு, சுமார் 181 கிலோ. இறுக்கிக் கட்டியதில் பலகை மாதிரி கெட்டிப்பட்டிருக்கும். அதைப் பிரித்து, பள்ளம் வெட்டிய உருளைகளுக்கிடையே ஓட்டும்போதே எண்ணெயும் தண்ணீரும் சொட்டவிடுவார்கள். பிறகு ஓரிரு நாள் குவித்து வைக்க வேண்டும். நாரை இளக்குவது தண்ணீர். அது சீக்கிரம் காயாமல் காப்பதும் எந்திரத்தில் நாரை வழுக்கவிடுவதும் எண்ணெய். அவசரப்பட்டுக் குவியலைக் கலைத்தால் நாரைச் சீவும் கார்டிங் எந்திரத்தின் பற்களில் நார் நொறுங்கும்; மிஞ்சுவது கழிவும் தூசியும்தான். எண்ணெய் கூடிப்போனால் சாக்கு நாறும், உள்ளே கொட்டும் தானியத்திலும் அந்த வாடை ஏறும்.

கோணிச்சாக்கு: செய்முறையில் தகராறே இல்லை. யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்பதுதான் கேள்வி. கேஸ் விளக்கு வந்தபின் வெளிச்சத்துக்குத் திமிங்கில எண்ணெய் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வேட்டைக் கப்பல்களுக்கு வாழ்வு கொடுத்தது சணல் ஆலை. 1857இல் 'டே' என்ற டண்டீ வேட்டைக் கப்பலில் நீராவி எந்திரம் பொருத்தத் துணிந்ததும் வாங்க ஆள் பக்கத்திலேயே இருந்ததால்தான் என்பேன்.

ஹூக்ளிக்கரை: 1855இல் கல்கத்தா அருகே ரிஷ்ராவில் டண்டீ எந்திரங்களோடு முதல் ஆலை தொடங்கியது. அங்கே ஏது திமிங்கில வேட்டை? நூற்றாண்டு முடிவதற்குள் கல்கத்தா டண்டீயை முந்திவிட்டது. சணல் நூற்பு பின்னர் கனிம எண்ணெய்க்கே மாறிவிட்டதையும் சேர்த்துப் பாருங்கள்.

பாய்மரம்: டண்டீ போட்ட பாதையில் கல்கத்தா நடந்தது, அவ்வளவுதான். பாதை போட்ட 1830களில் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கப்பல் பட்டறையையும் மறந்துவிட்டீர்கள். பனிக்கட்டியைத் தாங்கும் தடித்த மரக்கப்பல்களை வேட்டைக்காகக் கட்டிப் பழகிய ஊர் என்பதால்தான் 1901இல் அண்டார்டிகா ஆய்வுக் கப்பல் 'டிஸ்கவரி' அங்கே கட்டப்பட்டது.

கோணிச்சாக்கு: பட்டறை விஷயம் சரி, அது வேட்டையின் கொடைதான். சணல் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தோடு டண்டீயில் திமிங்கில வேட்டை நின்றுபோனது. ஆலைகள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் சணல் நூற்றன.