மறு: 'பாடில் ஸ்டீமர்': நீராவியா, சக்கரமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சுவிட்சர்லாந்து ஏரிகளில் பயணிகள் போக்குவரத்து வளர்ந்த கதையை மொழிபெயர்த்துவரும் அம்மையார், 'பாடில் ஸ்டீமர்' என்பதற்கு, அதாவது பலகைகள் பதித்த சக்கரத்தால் நீரைத் தள்ளி ஓடும் நீராவிக் கலத்துக்கு, தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். 'நீராவிக் கப்பல் என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?' என்று ஐயா எழுதியிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும் ஐயா, அந்தச் சொல் இந்த நூலின் பாதியிலேயே கைவிட்டுவிடும்.

1823இல் அமெரிக்கரான எட்வர்ட் சர்ச் ஜெனீவா ஏரியில் 'கியோம் டெல்' என்ற கலத்தை இறக்கினார். சுவிட்சர்லாந்தின் முதல் நீராவிக் கலம் அதுதான். அன்றைக்கு நீராவியும் சக்கரமும் பிரியாதவை; எந்தப் பெயரால் அழைத்தாலும் பொருள் ஒன்றே. அதே ஏரியில் 1904 முதல் 1927 வரை கட்டப்பட்ட எட்டுக் கலங்களைப் பாருங்கள். 1907இல் வந்த 'வெவே', 1908இல் வந்த 'இத்தாலி' இரண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு டீசல்-மின் எந்திரத்தைப் பொருத்தினார்கள். சக்கரங்களைத் தொடவில்லை. 1904இன் 'மோந்த்ரோ'வுக்கும் அதே கதிதான். ஆனால் 2001இல் புதிதாகச் செய்த நீராவி எந்திரத்தோடு அது ஏரிக்குத் திரும்பியது! ஒரே கலம் நீராவியிலிருந்து டீசலுக்கும், மறுபடி நீராவிக்கும் மாறியிருக்கிறது. மாறாமல் நின்றது சக்கரம் மட்டுமே. ஆகவே பெயரின் வேர் சக்கரத்தில் இருக்க வேண்டும், எந்திரத்தைக் குறிப்பது முன்னொட்டாக வர வேண்டும் என்கிறேன்.

சுவிஸ் ஏரிக்கரைகளின் மக்களே தங்கள் மொழிகளில் இதை வெவ்வேறு விதமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மன்காரர் சக்கரத்தையும் ஆவியையும் சேர்த்து 'ராட்-டாம்ப்ஃபர்' என்கிறார். மஜ்ஜோரே ஏரியின் இத்தாலியர் சொல்லும் 'பிரோஸ்காஃபோ' கிரேக்க வேர்களின்படி நெருப்புக் கலம். நாமும் நம் வழியில் போகலாம்.

சக்கரத்துக்கு நம்மிடம் அழகான பழஞ்சொற்கள் உண்டு. 'ஆழி' என்று ஒரு நண்பர் முன்மொழிந்தார். எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆழிக்குக் கடல் என்றும் பொருள். கடலே இல்லாத நாட்டின் ஏரியில் ஓடுவதை 'ஆழிக்கலம்' என்றால், படிப்பவர் கடற்கப்பல் என்றே எடுத்துக்கொள்வார். தேர்ச் சக்கரத்தைக் 'கால்' என்பது பழைய வழக்கு. இன்று வாய்க்காலும் நடக்கும் காலுமே நினைவுக்கு வரும். 'திகிரி'க்கு அகராதி தேட வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த 'சக்கரம்' இருக்கட்டும்.

கப்பலா, படகா என்ற தகராறு வேண்டாம். 'கப்பல்' என்றால் கடல் கண்முன் வருகிறது. 'படகு' என்றாலோ, 78 மீட்டர் நீளமுள்ள 'லா சுவிஸ்' சிறுத்துப்போகிறது. மரக்கலம், விண்கலம் என்று இரண்டு பக்கமும் நீண்டு கொடுக்கும் 'கலம்' இங்கே பொருந்துகிறது. எனவே: சக்கரக்கலம். தேவைப்படும் இடத்தில் நீராவிச் சக்கரக்கலம், டீசல் சக்கரக்கலம். சக்கரத்தை மட்டும் தனியே சுட்டும்போது துடுப்புச்சக்கரம்.

அதன் உறுப்புகளில் ஒன்றைப் பற்றி அம்மையாருக்கு ஒரு வார்த்தை. பலகைகள் சக்கரத்தில் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தால், நீருக்குள் இறங்கும்போது நீரைக் கீழே அறையும்; ஏறும்போது மேலே வாரித் தூக்கும். இரண்டும் வீண் உழைப்பு. அதனால் மையம் சற்று விலகிய ஒரு வளையத்திலிருந்து ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கம்பியை இணைத்து, பலகை ஏறத்தாழ நிமிர்ந்தபடியே நீரில் நுழைந்து வெளியேறும்படி செய்தார்கள். உங்கள் வரைவில் இருந்த 'இறகுத் துடுப்பு', 'ஃபெதரிங்' என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல். வேலை என்னவென்று அதிலிருந்து விளங்காது. 'நிமிர்துடுப்பு' என்று வைத்துப் பாருங்கள்.

'சலூன் ஸ்டீமர்' என்பதை அப்படியே எழுத வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊரில் சலூன் என்றால் முடிதிருத்தகம். அங்கே அது மேல்தளத்தில் முதல் வகுப்புப் பயணிகளுக்கான அலங்காரக் கூடம் அமைந்த கலம். அதற்கு மாடக்கலம் என்பேன். மாடம் என்றதும் உயரமும் வசதியும் சேர்ந்தே வருகின்றன.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. தொடக்கக் காலத்தில் ஜெனீவா ஏரிக்கரை ஊர்கள் பலவற்றில் பெரிய கலம் வந்து ஒட்டுவதற்குத் துறை இல்லை. கலம் நடுநீரில் நிற்கும். சிறு படகுக்காரர்கள் பயணிகளையும் மூட்டைகளையும் கொண்டுபோய் ஏற்றி இறக்குவார்கள். அவர்களுக்கென்றே பிரெஞ்சில் 'ராதலர்' என்று ஒரு பெயர் இருந்தது. துறைகள் கட்டப்பட்டதும் அந்தத் தொழில் போயிற்று. வெறுமனே 'படகோட்டி' என்று எழுதினால் அந்த வேலை தமிழிலும் மறைந்துபோகும். 'ஏற்றிறக்குப் படகர்' சற்று நீளம்தான், ஆனாலும் அவர்கள் செய்த வேலை அதில் இருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

லூசெர்ன் ஏரி அத்தியாயத்தில் இந்தச் சொற்களை முதலில் இட்டுப் பார்க்கலாம். 1901இன் 'ஊரி' முதல் 1928இன் 'ஸ்டாட் லூசெர்ன்' வரை அங்குள்ள ஐந்தும் நீராவிச் சக்கரக்கலங்களே. முன்னொட்டு அங்கே குழப்பாது.