மறு: டிரெய்ல் பிரேக்கிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

> "இழுவை நிறுத்தம்" என்று வைக்கலாமே. டிரெய்ல் என்றால் பின்னால் இழுபடுவதுதானே?

வணக்கம் ஐயா. அகராதிப்படி சரிதான். ஆனால் கேட்டதும் பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப்போவதுதான் நினைவுக்கு வருகிறது. நிறுத்தமோ பஸ்ஸுக்கு உரியது. வளைவில் திருப்பிக்கொண்டே பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் டிரெய்ல் பிரேக்கிங்; இங்கே யாரும் நிற்கப்போவதில்லை.

போன மாதம் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் என் சொந்தக் காரை ஓட்டிப் பார்த்தேன். 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். நேர்ப்பாதையில் யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம்; ஆளைக் காட்டிக்கொடுப்பது வளைவுதான். கார் நேராகப் போகும்போதே பிரேக் பிடித்து, காலை எடுத்துவிட்டு, அப்புறம் ஸ்டியரிங்கை ஒடித்தேன். காலை எடுத்ததுமே மூக்கு மேலே எழும்பியது, முன் டயர் கீச்சிட்டது, கார் ஒடித்த பக்கம் வராமல் வெளியோரத்துக்கே போனது. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் சொன்னார்: "வெடுக்குனு எடுக்காதீங்க சார். ஒடிக்க ஒடிக்க பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க."

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. முன் டயர் தரையை நன்றாகக் கவ்வுகிறது. அந்தப் பிடி இருக்கும்போதே திருப்பிவிட வேண்டும். ஆனால் டயரின் பிடிமானத்துக்கு ஓர் அளவு உண்டு. வேகத்தைக் குறைக்கவும் திருப்பவும் அதையேதான் பங்கிட்டாக வேண்டும். ஸ்டியரிங் கூடக் கூட பிரேக் குறைய வேண்டும். குறைக்காமல் ஒடித்தால், எடை இழந்து நிற்கும் பின்பக்கம் வெளியே வீசிவிடும். (மதியம் எனக்கு அதுவும் நடந்தது. ஒரு முழுச் சுற்று. அது வேறு மடலுக்கு.)

> அப்படியானால் "தேய்பிரேக்"? தேய்பிறை மாதிரி.

அழகான சொல்தான். மெக்கானிக்கிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். பிரேக் பேடு தேய்ந்துவிட்டது போல என்று புதுசு மாட்டி பில்லை நீட்டிவிடுவார்.

நான் சொல்ல வந்தது "தணிபிரேக்". அடுப்பைத் தணிக்கிறோமே, அதே தணிதான்: அணைக்காமல் குறைத்துக்கொண்டே வருவது. காலுக்கு என்ன வேலை என்பது சொல்லிலேயே இருக்கிறது. வினையாகவும் கூப்பிடலாம்: "தணி, தணி... இப்ப விடு." ஹெல்மெட்டுக்குள் இரண்டெழுத்து தெளிவாகக் கேட்கும். "இழுவை நிறுத்தம்" என்று பயிற்சியாளர் சொல்லி முடிப்பதற்குள் நான் மண்ணில் இருப்பேன்.

பாதி ஆங்கிலம் என்று சிலர் வருவீர்கள், தெரியும். "தடை" போடலாம் என்றால் வேகத்தடை என்பது ஏற்கெனவே ரோட்டில் மேடாக உட்கார்ந்திருக்கிறது. பிரேக்குக்கு நல்ல சொல் கிடைத்தால் பின்பாதியை மாற்றிக்கொள்ளுங்கள். "தணி"யை நான் விடுவதாக இல்லை.

ஏபெக்ஸுக்கு "உச்சி" என்று எழுதிய தம்பிக்கு: வளைவின் உள்ளோரத்தை உரசிப்போகிற இடம் அது, அங்கே ஏற எதுவும் இல்லை. "உரசுபுள்ளி" எப்படி இருக்கிறது?